செவலை எந்தப் பக்கம் போச்சு?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் என் வலது கைக் கட்டைவிரல் ஓரிடத்தில் நிற்காது. கைப்பேசித் திரையை மேலிருந்து கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். இழுத்தால் ஒரு சின்ன வட்டம் சுற்றும். வட்டம் நின்றதும் அலாஸ்காவின் வரைபடம் தெளியும், அதன் மேல் நம்பர் போட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பனிச்சறுக்கு வண்டி, அதை இழுக்கிற பத்துப் பன்னிரண்டு நாய், பின்னால் நின்று ஓட்டுகிற ஒரு ஆள். என் புள்ளி போன தடவை பார்த்ததைவிட ஒரு நெல் அளவு நகர்ந்திருந்தால் நிம்மதியாக டீ குடிப்பேன். நகரவில்லை என்றால் டீ ஆறிப்போகும்.

"அதென்ன, மாட்டுல பால் பீச்சுற மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கீங்க" என்பாள் என் மனைவி.

நான் திண்டுக்கல்லில் லோடு வண்டி ஓட்டுகிறவன். குட்டியானை என்று ஜனங்கள் சொல்கிற சின்ன வண்டி. அய்யலூர் சந்தையில் ஆடு ஏற்றுவேன், காய்கறி மூட்டை ஏற்றுவேன், கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டா ஏற்றுவேன். இந்தத் தொழிலில் ஓட்டுகிற நேரத்தைவிடக் காத்துக் கிடக்கிற நேரம்தான் ஜாஸ்தி. சில வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு மத்தியானம், ஸ்டியரிங்கில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும் போலிருந்த வெயிலில், ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் கிரிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். விரல் எதிலோ பட்டு, நாய்கள் பனி மேல் ஓடுகிற வீடியோ வந்தது. குரைப்பே இல்லை. மூச்சுச் சத்தமும் வண்டி வழுக்குகிற சத்தமும் மட்டும். அன்றைக்கு அதில் விழுந்தவன்தான்.

ஆயிரம் மைல் பந்தயம் அது. நம்ம டிரைவர் கணக்கில் சொன்னால் திண்டுக்கல்லில் எடுத்து நாக்பூர் தாண்டி நிறுத்த வேண்டும். அவ்வளவு தூரமும் நாய்தான் இழுக்கும். வழியில் ஊருக்கு ஊர் நிலையம் வைத்திருப்பார்கள். அங்கே நாய் டாக்டர்கள் ஒவ்வொரு நாயின் பாதத்தையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நாய்க்கு நாலு காலுக்கும் துணிச் செருப்பு உண்டு என்று சொன்னதற்கு ஸ்டாண்டில் ஒரு வாரம் என்னை வைத்துச் சிரித்தார்கள். களைத்துப்போன நாயை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மிச்ச நாய்களோடு போகலாம், தப்பில்லை. ஆனால் வழியில் ஒரு நாயைத் தொலைத்துவிட்டுப் போக முடியாது. கட்டிக் கிளம்பின நாய் அத்தனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று காணவில்லை என்றால் தேடிக் கொண்டுவர வேண்டும். கிடைக்காவிட்டால் பந்தயம் அதோடு சரி.

நான் பின்தொடர்ந்தது ஒரு பொம்பளையை. ஐம்பது வயதுக்குக் குறையாது. ஏற்கெனவே இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவையும் பாதியில் நின்றவள். முதல் தடவை கைவிரல் பனியில் மரத்துப்போனது, அடுத்த தடவை நாய்களுக்கு வயிற்றுப்போக்கு. இந்த மூன்றாவது தடவை கிளம்புவதற்கு முன் வீடியோவில் சொன்னாள்: எத்தனாவதாக வந்தாலும் சரி, பந்தயம் முடிகிற இடத்தில் நட்டிருக்கிற அந்த முடிவு வளைவுக்குக் கீழே ஒரு தரமாவது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், இதற்கு மேல் உடம்பு கேட்காது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஏறவில்லை. வீடியோவுக்கு அடியில் ஓடுகிற எழுத்தை நிறுத்தி நிறுத்தி, தெரியாத வார்த்தையைக் கைப்பேசியில் தமிழாக்கிப் பார்த்து, அவள் புண்ணியத்தில்தான் கொஞ்சம் வந்தது. அத்தனை பேர் ஓட்டுகிற பந்தயத்தில் அவள் மட்டும் ஏன் என்று கேட்டால், அவள் நாய்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். அதட்டுவாள், கெஞ்சுவாள், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அய்யலூர் சந்தைக்கு ஆடு பிடித்து வருகிற பொம்பளைகள் அச்சு அசலாக அப்படித்தான் பேசுவார்கள்.

அவள் வண்டிக்கு முன்வரிசையில் ஓடின நாய் ஒரு செவலை. அதற்கு அவள் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. அதனால் எனக்கு அது செவலைதான்.

இந்தக் கிறுக்குக்கு எனக்குத் துணை கறிக்கடை பாய். ஊருக்குள் கடை வைத்திருக்கிறார், சந்தையில் அவர் வாங்குகிற ஆட்டைத்தான் பெரும்பாலும் ஏற்றுவேன். அந்த வருஷம் பந்தயமும் நோன்பும் ஒன்றாக வந்தன. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கறி வெட்டிக்கொண்டிருப்பார். நான் போனால் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "என்ன மாப்ள, ஒம்பொம்பள எங்க வாரா?" என்பார். கடைக்கு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அன்றைக்குச் சந்தை நாள். விடிகிற நேரம். அங்கே முந்தின நாள் சாயங்காலம். பாய் ஆடு பிடித்து முடித்து, கடை திறக்க வேண்டும் என்று பைக்கில் முன்னாலேயே போய்விட்டார். நான் பலகை போட்டு ஆடுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கிடாய் ஏற மாட்டேன் என்று முன்னங்காலை ஊன்றிக்கொண்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து இழுத்தேன். புள்ளி இருந்தது. ஆனால் திரும்பி இருந்தது. வந்த வழியிலேயே, போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே, பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் இருந்த மூன்று புள்ளிகள் அவளைத் தாண்டிப் போயின. அவள் அவர்கள் கண்ணெதிரே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

குஜிலியம்பாறைப் பக்கமிருந்து ஆடு கொண்டு வருகிற அக்கா ஒருத்தி அங்கே எனக்குப் பழக்கம். வாய் நிறைய வெற்றிலையும் பேச்சும். அவள்தான் முதலில் பார்த்தாள். "ஏப்பா, ஆட்டு வாலப் புடிச்சுக்கிட்டு ஏன் இப்புடி நிக்கிற? வீட்ல ஏதும் சங்கடமா?"

"இல்லக்கா. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவன் மூஞ்சி இப்புடித்தான் இருக்குமா? கிடா ஒன்னையப் பாத்துப் பரிதாபப்படுது."

வண்டியை எடுத்தேன். வடமதுரை தாண்டினது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு என் புத்தி அந்தப் புள்ளியோடு பின்னால் போய்விட்டது. சறுக்கு வண்டி உடைந்துவிட்டதா? வழி தப்பிவிட்டாளா? இல்லை, மூன்றாவது தடவையும் மனசு விட்டுவிட்டாளா? பாயின் போன் வந்தபோது நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே சின்னாளப்பட்டி போர்டு. திண்டுக்கல்லுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி மதுரை ரோட்டில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருக்கின்றன.

"எங்க மாப்ள இருக்க? கடையில ஆளு நிக்கிது."

"சின்னாளப்பட்டி, பாய்."

"அங்க எதுக்கு? ஆட்டுக்குச் சுங்குடிச் சேலை எடுக்கவா?"

ரோட்டோரம் நிறுத்தி மறுபடி இழுத்தேன். பந்தயம் நடத்துகிறவர்களின் இணையப் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தார்கள். காற்று அடித்ததில் எதிரே ஒன்றும் தெரியாமல் வண்டி புரண்டிருக்கிறது. நாய்கள் வாரில் சிக்கிக்கொண்டன. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து விடும்போது செவலையின் வார் கழன்று, அது மிரண்டு ஓடிவிட்டது. எந்தப் பக்கம் போனது என்று அவள் பார்க்கவில்லை. பனிக்காற்றில் கண் திறக்க முடியவில்லை. தேடிக்கொண்டு திரும்பியிருக்கிறாள்.

நான் அதைப் போனிலேயே பாய்க்குப் படித்துக் காட்டினேன். "யா அல்லா, அந்தக் குளிருலயா" என்றார். "நீ மொதல்ல வண்டியத் திருப்பு மாப்ள. மெதுவா வா."

அதற்கப்புறம் வந்த நாட்களில் எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் எங்காவது போக வேண்டும். நமக்குப் பகல் அவர்களுக்கு ராத்திரி. நான் வெயிலில் வேர்த்துக்கொண்டு மூட்டை இறக்குகிற நேரம் செவலை இருட்டில் எங்கோ படுத்திருக்கும். படுத்திருக்குமா, ஓடிக்கொண்டிருக்குமா, அதுவும் தெரியாது. மோட்டார் வைத்த பனிவண்டிகளில் ஊர்க்காரர்கள் தேடினார்கள். அவள் விழுந்த இடத்திலிருந்து அதற்கு முந்தின நிலையம் வரை, பாதையின் இரண்டு பக்கமும். கடைசியாகச் சாப்பிட்ட இடத்துக்குத்தான் நாய் திரும்பும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் அந்த நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மிச்ச நாய்கள் நன்றாகத்தான் இருந்தன, இழுக்கத் தயாராக. போக முடியாது. செவலை வந்தால்தான் போகலாம். இருந்து பார்த்தாள், பார்த்தாள், கடைசியில் பந்தயத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அவள் விலகினதும் வரைபடத்தில் அவள் புள்ளியை எடுத்துவிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இழுக்கிறேன், வட்டம் சுற்றுகிறது, எல்லோருடைய புள்ளியும் வருகிறது, அவளுடையது இல்லை. செவலைக்கோ புள்ளியே கிடையாது.

"நோன்பு வச்சவன் நானு. வாடிப்போயி நிக்கிறவன் நீ" என்றார் பாய். சாயங்காலம் நோன்புக் கஞ்சி ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தார். "துவாவுல சேத்துக்கிட்டேன்யா. நாய்க்கெல்லாம் கேக்கலாமான்னு தெரியல. கேட்டுட்டேன்."

வீட்டில் கதை வேறு. தட்டில் சோறு போட்டு வெஞ்சனம் வைத்தபடி மனைவி கேட்டாள். "ஏங்க, நான் போன மாசம் காய்ச்சல்ல கெடந்தேனே, அப்ப இம்புட்டு மூஞ்சி தொங்கலையே?"

"நீ பக்கத்துல இருந்த. மாத்திரை வாங்கியாந்தேன். இது எங்க இருக்குன்னே தெரியல."

"அப்ப நானும் எங்கயாச்சும் தொலைஞ்சாத்தான் போல" என்றாள். ஆனால் அன்றிலிருந்து காலையில் காப்பி கொடுக்கும்போது அவளே கேட்கத் தொடங்கிவிட்டாள். "வந்துச்சா?"

அடுத்த சந்தை நாளில் குஜிலியம்பாறை அக்காவிடம் விஷயத்தைச் சொல்லும்படி ஆகிவிட்டது. முழுக்கச் சொல்லவில்லை. தெரிந்த பொம்பளை ஒருத்தியின் நாய் தொலைந்துவிட்டது, வெளியூர், ரொம்பத் தூரம், இவ்வளவுதான்.

"கோடாங்கிட்டக் கேட்டியா?"

"இல்லக்கா."

"போன வருசம் எம் ஆடு தொலைஞ்சப்ப உடுக்கை அடிச்சுச் சொன்னாப்ல. வா, பக்கத்துலதான்."

எங்கள் பக்கத்தில் ஆடு மாடு காணாமல் போனால் போலீஸுக்குப் போவதற்கு முன்னால் கோடாங்கியிடம் போவார்கள். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். எனக்கு அதில் பெரிதாக நம்பிக்கை கிடையாது. ஆனால் சும்மா நிற்கவும் முடியவில்லை. கால் தானாகப் போய்விட்டது. அன்றைக்கு என்னோடு வந்திருந்த பாய் வண்டியிலேயே இருந்துகொண்டார். "நான் எம் பக்கம் கேட்டுட்டேன் மாப்ள. நீ ஒம் பக்கமும் கேட்டுப் பாத்துரு."

கோடாங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "தொலைஞ்ச உருப்படியோட கயிறு, மணி, ஏதாச்சும் கொண்டாந்தியா?"

கைப்பேசியில் செவலையின் போட்டோவைக் காட்டினேன். வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நாய் நல்லாத்தான் இருக்கு. கீழ என்ன, பஞ்சு காயப்போட்டிருக்கா?"

"பனிங்க ஐயா. கொடைக்கானலுக்கும் மேல."

"எந்த ஊரு எல்லை?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சொல்லு என்று கண்ணைக் காட்டினாள். "அலாஸ்கா" என்றேன்.

"எந்தத் தாலுகா?"

தெரியாது என்றேன். அவர் விடவில்லை. "ஓடுற தண்ணி தாண்டுச்சா? தண்ணி தாண்டுனா ஒரு கணக்கு, தாண்டலைன்னா ஒரு கணக்கு."

"ஆறு இருக்கு ஐயா. ஆனா ஓடல. கெட்டியா ஒறஞ்சு கெடக்கு. அது மேலதான் நாயே ஓடும்."

கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "குடிக்கிற ஆளா?" அக்கா இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தாள். சரி என்று உடுக்கையை எடுத்து அடித்தார். செத்த நேரம் தலை ஆடியது. நாய் உயிரோடு இருக்கிறது என்றார். வடக்கே ஒரு பனைமரத்தடியில் நிற்கிறது, மூன்று நாளில் வாசலுக்கு வரும், நிலைப்படியில் வேப்பங்குலை கட்டு என்றார்.

உயிரோடு இருக்கிறது என்று ஒரு ஆள் வாயால் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. அவளைப் பின்தொடர்கிறவர்களுக்கு ஒரு பக்கம் உண்டு, உலகத்தில் எங்கெங்கோ இருந்து எழுதுவார்கள். அன்று மத்தியானம் கைப்பேசித் துணையோடு இங்கிலீஷில் எழுதினேன்: இந்தியாவில் ஒரு பெரியவர் நாய் உயிரோடு இருக்கிறது, வடக்கே ஒரு மரத்தடியில் நிற்கிறது என்கிறார். நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், எந்த மரம் என்று கேட்டிருந்தார். பனைமரம் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

வேப்பங்குலையை யார் வாசலில் கட்டுவது என்றுதான் புரியவில்லை. அலாஸ்காவில் வேம்பு ஏது? மனைவி திட்டினாள். "ஊரு ஒலகத்துல யாராச்சும் இப்புடிச் செய்வாங்களா?" திட்டிக்கொண்டே போய் ஒடித்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு நிலையில் செருகினாள். மூன்றாம் நாள் காலையில் நிஜமாகவே வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. தெருமுனை டீக்கடையில் கிடக்கிற கருப்பு, காது ஒன்று கிழிந்தது. போ என்றால் போகவில்லை. விஷயம் கேட்டு பாய் கடையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கோடாங்கி கரெக்டாத்தான் அடிச்சிருக்காப்ல. நாய் மட்டும் மாறிப்போச்சு."

அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் முன்னைவிட மோசமாக இருந்தது.

பந்தயம் முடிந்துவிட்டது. கடைசி ஆள் வந்து சேரும் வரை அந்த முடிவு வளைவில் ஒரு விளக்கு எரியும். பாதையில் இன்னும் ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கடைசி ஆள் வந்தான், தானே விளக்கை அணைத்தான், கூட்டம் கை தட்டியது. அந்த வீடியோவை என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை. அந்த விளக்கு மனுஷர்களுக்கு மட்டும்தான் போல. நாய் ஒன்று இன்னும் வெளியில் இருக்கிறதே, அதற்குள் எப்படி அணைக்கலாம் என்று எனக்கு ஆத்திரம். ரோட்டில் பைக்கில் குறுக்கே வந்த ஒருத்தனிடம் காரணமில்லாமல் சண்டைக்குப் போனேன். பாய், "பெருநாள் வரைக்குமாச்சும் யாரு சட்டையையும் புடிக்காம இரு மாப்ள" என்றார்.

அவள் மட்டும் அங்கேயே இருந்தாள். பனிவண்டி ஒன்றை இரவல் வாங்கி, பின்பக்கமே போய்ப் போய்த் தேடினாள். நாளைக்கு ஒரு வரி எழுதுவாள். பிறகு அதையும் எழுதவில்லை.

சேதி வந்தது ஒரு காலையில். வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் போட்டோதான் வந்தது. எலும்பு தெரிய ஒரு செவலை நாய், ஒரு பின்னங்காலில் செருப்பின் நாடா மட்டும் தொங்கிக்கொண்டு. நான் கத்தின கத்தலில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"வந்துருச்சா!"

"கெடச்சிருச்சு. உசுரோட."

"எங்க? பின்னாடி அந்த ஊருலயா?"

அதைப் படிக்கத்தான் எனக்கு நேரம் ஆனது. இரண்டு தடவை தமிழாக்கிப் பார்த்தேன், தப்பாகப் படிக்கிறேனோ என்று. உறைந்த ஆற்றில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவள் விழுந்த இடத்துக்குப் பின்னால் அல்ல, முன்னால். வெகுதூரம் முன்னால், இரண்டு நிலையம் தாண்டி. வண்டி இல்லை, வார் இல்லை, கூட ஓடுகிற நாய் இல்லை. செவலை தன்பாட்டுக்குப் பந்தயப் பாதையைப் பிடித்து, போக வேண்டிய திசையில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஊர்களுக்குள் நுழையாமல், மனுஷர்களுக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கி. நாங்கள் எல்லோரும், அவளும், நானும், மோட்டார் வண்டிக்காரர்களும், பின்னாலேயே தேடியிருக்கிறோம்.

மனைவி கரண்டியால் திரையைக் காட்டினாள். "அப்ப அவ திரும்பாம நேராப் போயிருந்தா?"

எனக்கும் அதேதான் தோன்றியது. நேராகப் போயிருந்தால் எங்காவது ஒரு வளைவில் செவலையைப் பிடித்திருப்பாள். நாய்க்கு நாயும் ஆயிற்று, பந்தயத்துக்குப் பந்தயமும் ஆயிற்று. ஆனால் தொலைத்தவள் எப்படி முன்னால் போவாள்? நாயை விட்டுவிட்டோம் என்று தெரிந்து எந்தக் கால் முன்னால் நகரும்? பாய்க்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும், "கெடச்சிருச்சு பாய்" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். முன்னால் போன கதையைச் சொன்னதும் சிரிக்கவில்லை. "அது பந்தயத்த விடல. பாவம், அவதான் விட்டுட்டா" என்றார்.

மறுநாள் அவள் வீடியோ போட்டாள். மனைவியும் நானும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். சின்ன விமானம் ஒன்று பனியில் இறங்குகிறது. அவள் இறங்குகிறாள், ஆளே பாதியாகிவிட்டாள். ஊர்க்காரர் ஒருவர் செவலையைக் கயிற்றில் பிடித்திருக்கிறார். அவள் மண்டி போட்டுக் கூப்பிட்டதும் கயிற்றை விட்டார். ஓடிவந்து மேலே விழுந்து நக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது வந்தது. அவள் கையை ஒரு தடவை மோந்தது. பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுக்கு நேர் முன்னால், கால்களை அகட்டி ஊன்றி, பாதை போகிற பக்கம் பார்த்து நின்றது. காது இரண்டும் விறைப்பாக. அசையவில்லை.

"என்னங்க இது, கோவமா?"

"இல்ல. வண்டியில கட்டச் சொல்லுது."

அவள் பேசவில்லை. அத்தனை பேசுகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வயிற்றுக்கடியில் கை கொடுத்து அப்படியே தூக்கிக்கொண்டு விமானத்துக்கு நடந்தாள். செவலை கத்தவில்லை, கடிக்கவில்லை. அவள் கையில் இருந்தபடியே நாலு காலையும் காற்றில் உதைத்துக்கொண்டே போனது.